கொழும்பு – சென்னை: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன டிக்கெட் ஏஜென்சியில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கலியாணப் புடவை எடுக்கப் போகிறவர்கள், வேளாங்கண்ணி நேர்த்திக்குப் போகிறவர்கள், கண் ஒபரேஷனுக்குப் போகிறவர்கள், கனடாவிலிருந்து வரும் அக்காவைச் சென்னையில் வைத்துச் சந்திக்கப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேர் படியேறி வருகிறார்கள். போகும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. கேட்கும் கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஒரு கொப்பியில் குறித்து வைத்தவற்றைத்தான் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே போட்டிருக்கிறேன். டிக்கெட் விலை பற்றி எதுவும் இல்லை. அது காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

கொழும்பிலயிருந்து சென்னைக்கு எத்தனை கிலோமீற்றர்?

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வானத்தில் நேர்கோடு இழுத்தால் சுமார் 645 கிலோமீற்றர். பழைய ஆட்களுக்கு மைலில் சொல்வதென்றால் 400 மைல்.

போனில் தேடினால் 680 கிலோமீற்றர் என்றும் வரும். அதுவும் பிழையில்லை. அது கொழும்பு நகரத்திலிருந்து சென்னை நகரத்துக்கு அளந்த கணக்கு. கட்டுநாயக்க, கொழும்புக் கோட்டையிலிருந்து ரோட்டால் முப்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே, நீர்கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையும் வடக்கில்தான். ஆகவே நீங்கள் எயார்போர்ட்டுக்கு வாகனத்தில் போகும்போதே சென்னைப் பயணத்தில் ஒரு துண்டைத் தரையில் முடித்துவிடுகிறீர்கள்.

பிளேன்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

டிக்கெட்டில் பொதுவாக 1 மணித்தியாலம் 15 நிமிடத்திலிருந்து 1 மணித்தியாலம் 30 நிமிடம் வரை போட்டிருக்கும். சில்லு தரையை விட்டுக் கிளம்பி மறுபடி தரையைத் தொடும் வரை பார்த்தால் ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் அதற்கு மேல் பத்து நிமிடம்.

இரண்டு கணக்கும் ஏன் ஒத்துப் போவதில்லை என்றால், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நின்ற இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்படும் நிமிடத்தில் தொடங்கி, சென்னையில் தன் இடத்தில் வந்து நிற்கும் நிமிடம் வரைக்கும் உள்ள முழு நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானம் கிளம்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

பிளேன் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல ஓடுது எண்டுறீங்க. அப்ப 645 கிலோமீற்றருக்கு முக்கால் மணித்தியாலம் தானே வரும்?

இதைக் கேட்டது ஓ.எல். படிக்கும் ஒரு பையன். அவனுடைய அப்பா "சும்மா இரடா" என்றார். ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. இந்தப் பாதையில் அதிகம் பறக்கும் எயார்பஸ் 320 வகை விமானங்கள், உயரத்தில் சீராகப் போகும்போது மணிக்கு 830 கிலோமீற்றர் அளவில் போகும். வகுத்தால் 47 நிமிடம்தான் வரும். கணக்கு சரி, ஆனால் அந்த வேகத்தில் விமானம் போகும் நேரம் மிகக் கொஞ்சம்.

மேலே ஏறி முப்பதாயிரம் அடியைத் தாண்டுவதற்கே சுமார் 20 நிமிடம் போய்விடும். அதற்குள் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகள் ஒரு வாய்க்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் மூன்று கடல்மைல் தூரம் வேண்டும். 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல்மைல், அதாவது கிட்டத்தட்ட 195 கிலோமீற்றருக்கு முன்னாலேயே கீழே இறங்கத் தொடங்க வேண்டும். அதற்கு 25 நிமிடம் போகும். ஏற 200, இறங்க 195. முழு வேகத்தில் போக மிஞ்சுவது 250 கிலோமீற்றர், 18 நிமிடம். மூன்றையும் கூட்டினால் 63 நிமிடம் வரும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பட்டர் பூசி முடிப்பதற்குள் "இருக்கைப் பட்டியை அணியுங்கள்" என்று வருவது இதனால்தான். பணிப்பெண்களை நோகவேண்டாம், அவர்களுக்குக் கிடைப்பதே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

கடல்மைல் எண்டா என்ன? சாதாரண மைலை விடக் கூடவா?

கூடத்தான். சாதாரண மைல் 1.609 கிலோமீற்றர், கடல்மைல் 1.852 கிலோமீற்றர். கப்பல்காரர்களிடமிருந்து விமானக்காரர்களுக்கு வந்த அளவு அது. கொழும்பு – சென்னை 400 மைல் என்று சொன்னால் அது சாதாரண மைல். கடல்மைலில் 348.

போறதுக்கும் வாறதுக்கும் ஒரே நேரமா? லண்டன்ல இருந்து வரேக்க கெதியா வந்திட்டோமே.

லண்டன் பயணத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கொழும்பிலிருந்து லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். போகும்போது 11 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். வரும்போது அதைவிட அரை மணித்தியாலமாவது குறையும். வடக்கே, மத்திய அகலக்கோடுகளில், உயரத்தில் அடிக்கும் பெருங்காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. போகும்போது அது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும்.

சென்னைப் பாதை தெற்கு – வடக்கு. இங்கே மேல்காற்று எந்தப் பருவத்திலும் பெரும்பாலும் கிழக்கு – மேற்காகவே வீசும், அதனால் விமானத்துக்குப் பக்கவாட்டிலேயே படும். போக்குக்கும் வரவுக்கும் ஐந்து, பத்து நிமிட வித்தியாசம் வந்தால் அது பெரும்பாலும் ஓடுபாதை சம்பந்தப்பட்டது. கட்டுநாயக்க ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிராகக் கிளம்ப வேண்டும் என்பதால், சென்னைக்குப் போகிற விமானமும் முதலில் தென்மேற்கே களப்புப் பக்கமாக எழும்பி, பிறகு கடலின் மேல் சுற்றி வடக்கே திரும்பும். "பிளேன் பிழையான பக்கம் போகுது" என்று ஒரு ஐயா உள்ளேயிருந்து மகனுக்கு வட்ஸ்அப் அனுப்பியிருந்தார்.

இந்தியாவுக்கும் எங்களுக்கும் அரை மணித்தியால வித்தியாசம் இருக்கல்லோ? அதைக் கழிக்க வேணுமா?

இல்லை, இப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம்.

இந்தக் குழப்பத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் அப்படியே கிடந்தது. வன்னியில் அப்போதும் பழைய நேரம்தான். கொழும்பில் 7 மணி என்றால் கிளிநொச்சியில் 6.30. அந்தப் பத்து வருடத்தில் சென்னைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: 10 மணிக்குக் கிளம்பி 10.45க்கு இறங்குவோம், திரும்பும்போது அதே தூரத்துக்கு 1 மணி 45 நிமிடம் காட்டும். "போக முக்கால் மணித்தியாலம்" என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறவர்கள் அந்தக் காலத்து டிக்கெட்டை மனதில் வைத்திருக்கிறவர்கள்.

டிக்கெட்ல வெள்ளிக்கிழமை 00.40 எண்டு இருக்கு. வெள்ளி இரவு போனா சரிதானே?

சரியில்லை! வியாழக்கிழமை இரவு போக வேண்டும். 00.40 என்பது வியாழன் நள்ளிரவு தாண்டி 40 நிமிடம். அதாவது வெள்ளிக்கிழமையின் முதல் மணித்தியாலத்துக்குள். வியாழன் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வெளிக்கிட்டால்தான் அந்த விமானம் கிடைக்கும்.

தூரம், நேரம் எல்லாவற்றையும் விட இந்த ஒரு பிழையால் காசை இழந்தவர்கள்தான் அதிகம். பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மாமி, மருமகளுக்கு முறுக்கு டின் ஒன்றைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெள்ளி இரவு ஒன்பதரைக்கு எயார்போர்ட் கவுண்டரில் நின்று எனக்குப் போன் எடுத்தார். அவருடைய விமானம் சென்னைக்குப் போய்த் திரும்பியே வந்துவிட்டது. அன்றிலிருந்து நள்ளிரவு டிக்கெட் கொடுத்தால், அதன் மேலே சிவப்புப் பேனையால் "வியாழன் இரவு 9 மணிக்கு எயார்போர்ட்டில்" என்று கையால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

வெள்ளவத்தையில இருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேணும்?

வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க ஏறக்குறைய 40 கிலோமீற்றர். இதில் பேலியகொடையிலிருந்து எயார்போர்ட் வரைக்கும் 2013 ஒக்டோபரில் திறந்த அதிவேகப் பாதை இருக்கிறது. 25.8 கிலோமீற்றர் நீளம், 20 – 25 நிமிடத்தில் போய்விடலாம். அதற்கு முந்திய காலத்தில் வத்தளை, கந்தானை, ஜாஎல, சீதுவை என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போனதை நினைத்தால் இன்னும் இடுப்பு நோகிறது.

சிக்கல் முதல் 15 கிலோமீற்றரில்தான். வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடைக்கு விடியற்காலை 4 மணிக்கு 25 நிமிடம். வேலை நாள் காலை 8 மணிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகலாம், மழை பெய்தால் அதற்கும் மேல். காலி வீதியை விட்டு மரைன் டிரைவால் கடற்கரையோரமாகக் கொள்ளுப்பிட்டி வரை போனால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள். எல்லோரும் அப்படியே போவதால் அங்கேயும் வரிசைதான். என் வழக்கம்: விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஒரு மணித்தியாலம், பகலில் ஒன்றே முக்கால், வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டே கால். தனி ஆளாக, பாரமில்லாமல் போகிறவர்கள் கோட்டையிலிருந்து 187 இலக்க பஸ்ஸில் போகலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

பறக்கிறது ஒரு மணித்தியாலம். அதுக்கு மூண்டு மணித்தியாலம் முந்தியே போய் இருக்க வேணுமா?

ஒரு மணித்தியாலம் பறந்தாலும் பத்து மணித்தியாலம் பறந்தாலும் வெளிநாட்டுப் பயணம் வெளிநாட்டுப் பயணம்தான். வாசலில் ஸ்கேன், செக்-இன், குடிவரவு, மறுபடி ஸ்கேன், இத்தனையும் உண்டு. செக்-இன் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். விமானம் 10 மணிக்கு என்றால் உங்களுக்கு அது 9 மணி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு பை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே ஒன்லைனில் செக்-இன் செய்துவிட்டுப் போகும் இளம் ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். வழியனுப்ப வாகனத்தில் பதினொரு பேர் வருகிறார்கள், வாசலில் படம் எடுக்க வேண்டும் என்றால் மூன்றும் காணாது.

அப்ப வீட்டு வாசல்ல இருந்து அங்கத்தை வாசல் வரைக்கும் மொத்தமா எவ்வளவு?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் கேட்பவர்கள் குறைவு. காலை 10 மணி விமானத்தை எடுத்துக்கொள்வோம். 5.30க்கு வெள்ளவத்தையில் வாகனத்தில் ஏறுகிறீர்கள். 7 மணிக்குக் கட்டுநாயக்க. 10க்குக் கிளம்பி 11.20க்கு சென்னை. குடிவரவு வரிசை, பெட்டி வரும் வரை பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பது, சுங்கம் என்று ஒரு மணித்தியாலம். 12.20க்கு வெளியே. தி.நகர் ஹோட்டலுக்குப் போய்ச் சேர 1.15 ஆகும். மொத்தம் 7 மணித்தியாலம் 45 நிமிடம். அதில் ஆகாயத்தில் இருந்தது 63 நிமிடம்.

வெள்ளவத்தையில் இரவு யாழ்ப்பாணம் பஸ் ஏறினால் எட்டு, ஒன்பது மணித்தியாலத்தில் இறங்குகிறோம். வாசலிலிருந்து வாசல் வரை பார்த்தால் சென்னையும் யாழ்ப்பாணமும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான். "காலையில் போய்ப் பின்னேரம் வந்துவிடலாமா" என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன். டிக்கெட் கிடைக்கும், போகலாம். ஆனால் புடவைக்கடையில் நிற்க நேரம் இருக்காது.

சென்னையில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. எழும்பூர் போகிறவர்கள் ஆலந்தூரில் மாற வேண்டும். தி.நகருக்கு சைதாப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் டாக்ஸிதான்.

திருச்சி, மதுரை கிட்டவா? சென்னைக்கு ஏன் போவான்?

கிட்டத்தான். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீற்றர், மதுரை 355. திருவனந்தபுரமும் மதுரை அளவு தூரம்தான். கேரளா தூரம் என்ற நினைப்பு எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. வரைபடத்தில் அளந்து காட்டினால்தான் நம்புகிறார்கள். மூன்றுக்கும் கொழும்பிலிருந்து நேரடி விமானம் உண்டு. பெங்களூரு 700 கிலோமீற்றர், சென்னையை விடச் சற்றுக் கூட.

தூரம் பாதியாகிறதே, நேரமும் பாதியாகுமா என்றால் ஆகாது. முன்னே அந்தப் பையனுக்குச் சொன்ன ஏறும் – இறங்கும் கணக்கைப் பாருங்கள். மதுரைக்குப் போகும் விமானம் ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடும். டிக்கெட்டில் ஒரு மணித்தியாலம் போட்டிருக்கும். மிச்சம் பிடிக்கும் நேரம் தரையில்தான் இருக்கிறது. வேளாங்கண்ணிக்குத் திருச்சியிலிருந்து ரோட்டால் 150 கிலோமீற்றர் அளவு, சென்னையிலிருந்து 300க்கு மேல். வேளாங்கண்ணி, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று போகிறவர்கள் சென்னை டிக்கெட் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன், முதலில் திருச்சியைத்தான் பார்ப்பேன். ஆனால் அங்கே விமானம் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது உடனே கிடைக்காது. சென்னைக்கு அந்தக் கவலை இல்லை.

பலாலியில இருந்து சென்னைக்குப் பிளேன் ஓடுதாமே. அது பாதித் தூரம் தானே?

ஆம், பாதிக்குக் கொஞ்சம் கூட. பலாலியிலிருந்து சென்னை 355 கிலோமீற்றர். 2019 ஒக்டோபரில் அங்கே யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. ஆனால் நேரத்தைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள்: அங்கேயும் ஒன்றேகால் மணித்தியாலம் போலத்தான். அந்தப் பாதையில் ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவுதான் அதன் வேகம். தூரத்தில் மிச்சம் பிடித்ததை வேகத்தில் விட்டுவிடுகிறது.

கொழும்பில் இருப்பவர் அதற்காக யாழ்ப்பாணம் போவது வீண். சுன்னாகத்தில் இருப்பவர் இரவிரவாகப் பஸ்ஸில் வந்து கட்டுநாயக்கவில் ஏறுவது அதைவிட வீண். ஏறி உட்கார்ந்தால் விமானம் அவரை அவர் ஊருக்கு மேலாலேயே கொண்டு போகும். ஏனென்றால் கட்டுநாயக்க – சென்னை நேர்கோடு யாழ்ப்பாணத்துக்கு மேலால்தான் போகிறது. இன்றைய கதையும் இல்லை இது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ஒரு டகோட்டா, இரத்மலானையிலிருந்து கிளம்பிக் காங்கேசன்துறையில் இறங்கி, பிறகுதான் மதராசுக்குப் போனது. எங்கள் நாட்டு விமான சேவையின் முதல் பயணமே இந்தப் பாதைதான்.

ஜன்னல் சீட் எந்தப் பக்கம் நல்லது?

சென்னைக்குப் போகும்போது இடப்பக்கம், அதாவது ஏ சீட். புத்தளம் களப்பும் கற்பிட்டி முனையும் நன்றாகத் தெரியும். வானம் வெளித்திருந்தால் மன்னார் தீவும், அதற்கு அப்பால் இராமர் அணைத் திட்டுகளும் தெரியும். பிறகு கோடியக்கரையின் மூலை, நாகப்பட்டினம், அதற்கு மேலே தமிழ்நாட்டுக் கரை. காலை விமானத்தில் வெயிலும் வலப்பக்கமே அடிக்கும். திரும்பும்போது இதெல்லாம் வலப்பக்கம், எஃப் சீட். யாழ்ப்பாணத்து ஆட்கள் கடலேரியைத் தேடி வலப்பக்கம் கேட்பதும் உண்டு. விமானம் நூல் பிடித்தாற்போல் போவதில்லை, கட்டுப்பாட்டாளர்கள் சொல்கிறபடி கொஞ்சம் விலகும். அதனால் ஊர் எந்தப் பக்கம் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சென்னைக்கு மேல வந்து அரை மணித்தியாலம் சுத்தினவங்கள். ஏன்?

ஓடுபாதையில் இடமில்லை. சென்னையில் விமானங்கள் வந்து குவியும் நேரங்களில் வரிசையாகத்தான் இறக்குவார்கள். முறை வரும் வரை ஒரே இடத்தில் வட்டமடிக்கச் சொல்வார்கள். எரிபொருள் முடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். சுற்றுவதற்கும், வேறு ஊருக்குத் திரும்பிப் போவதற்கும் சேர்த்தே ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள்.

ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை நேரம், இது கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தையே பல நாள் மூடினார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூடப்பட்டது. அந்த மாதங்களில் கலியாணத்துக்கு முதல் நாள் போய் இறங்கும் விதமாக டிக்கெட் கேட்டால், இரண்டு நாள் முந்திப் போகச் சொல்வேன்.

பத்து நிமிஷம் பிந்தி வெளிக்கிட்டது, ஆனா சரியான நேரத்துக்கு இறங்கிட்டுது. வேகமா ஓட்டினவனோ?

இல்லை. இரண்டாம் பதிலில் சொன்ன டிக்கெட் நேரத்துக்குள்ளேயே ஐந்து, பத்து நிமிடம் கைவசம் வைத்துத்தான் போடுகிறார்கள். சுற்ற வேண்டி வராவிட்டால் அது மிச்சம்.

மலிவா ஒரு டிக்கெட் இருக்கு, ஆனா ஆறு மணித்தியாலம் எண்டு காட்டுது. அவ்வளவு மெதுவாவா போகும்?

அது நேரடி விமானம் இல்லை. பெங்களூரு போல ஓரிடத்தில் இறங்கி, அங்கே காத்திருந்து, இன்னொரு விமானத்தில் சென்னைக்கு வருவது. 645 கிலோமீற்றர் பயணம் அப்படிப் போனால் 970 ஆகிவிடும். அது கூடப் பரவாயில்லை. இந்தியாவில் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கேயே குடிவரவும் சுங்கமும் முடிக்க வேண்டும், பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். இடைவேளை ஒன்றரை மணித்தியாலம் என்றால் நான் விற்க மாட்டேன். நாலு மணித்தியாலம் என்றால், மிச்சம் பிடிக்கும் காசில் பாதி அங்கே சாப்பாட்டுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டு விற்பேன்.

கப்பல் விட்டிருக்காம். அதில போகலாமா?

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஓகஸ்டில் மறுபடி வந்தது. கடலில் 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம் போல. மாரி காலத்தில் கடல் குழம்பினால் ஓடாது. கொழும்பிலிருந்து போவதென்றால் முதலில் 400 கிலோமீற்றர் வடக்கே போக வேண்டும், இறங்கிய பிறகு நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு இன்னொரு 300. ஒரு முழு நாளும் ஒரு இரவும் போகும். அவசரம் இல்லாதவர்களும், பொருள் கூடக் கொண்டு வர ஆசைப்படுகிறவர்களும் போகலாம்.

என் அப்பப்பா காலத்தில் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் ஏறி மதராசுக்குப் போனார்கள். 1914இல் வந்த அந்தப் போட் மெயில் பாதையில் கடல் 35 கிலோமீற்றர்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றுபோனது.

அம்மாவுக்கு 78 வயசு. ஒரு மணித்தியாலம் தானே, வீல்செயார் எதுக்கு?

பறப்பதற்கு வீல்செயார் தேவையில்லை, நடப்பதற்குத்தான். கவுண்டரிலிருந்து விமானக் கதவு வரையும், அங்கே விமானத்திலிருந்து பெட்டி வரும் இடம் வரையும் நல்ல நடை. இடையில் குடிவரவு வரிசையில் நிற்பதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், பிந்தினால் பயணத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது. கவுண்டரில் போய்க் கேட்டால் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும்.

என் சொந்த அம்மாவே "நான் என்ன நோயாளியா" என்று ஏற மறுத்தவர்தான். போன முறை சென்னையில் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, நீண்ட வரிசைக்குப் பக்கத்தால் முன்னுக்குப் போய் முத்திரை குத்தி வாங்கினார். இப்போது டிக்கெட் என்று வாய் திறந்தாலே, "வீல்செயார் சொன்னியா?" என்றுதான் முதலில் கேட்கிறார்.